பையை விட்டு வெளியே வராத கேமரா

பாப்பா,

உன் அப்பா மண்டபத்துக்காரரிடம் பேசப் போயிருக்கிறார். நீ சித்தியோடு ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருக்கிறாய். வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு அமைதியான மதியம் இனி வாய்க்குமா தெரியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்பாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதற்கோ கோபப்படுவேன். நம் இருவருக்கும் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன்னைப் போல ஒரு மகளும் என்னைப் போல ஒரு அம்மாவும் இருக்கிற வீடுகள் இந்தத் திருச்சி கே.கே. நகரிலேயே தெருவுக்கு நாலு இருக்கும். யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குப் புதிய செய்தி அல்ல. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்கப் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு என்னைத்தான் போடுவார்கள். பிட் அடிக்கிற பிள்ளை பிட்டை எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தொண்டையைச் செருமுவது, வாட்ச்சைத் திருப்பிப் பார்ப்பது, காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பது, எல்லாம் எனக்குச் சாட்சி. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டில்தான் வைத்தேன். காய்கறிக்காரரின் தராசிலும், உன் அப்பா "சும்மா மன்னார்புரம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்கிற தொனியிலும், உன் கதவுக்குப் பின்னாலும் வைத்தேன்.

கேமரா வந்த முதல் மாதத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை. தென்னூரில் கட்டட வரைபட ஆபீஸில் சேர்ந்து கையில் சம்பளம் வந்ததும் நீ வாங்கிய முதல் பொருள் அது. உன் அப்பா சவரம் செய்துகொள்வதை எடுத்தாய். பால்கனிக் கம்பியில் உட்கார்ந்த காக்கையை எடுத்தாய். நான் முருங்கைக்கீரை உருவும்போது என் விரல்களை மட்டும் எடுத்தாய். 'இந்தச் சுருக்கத்தை எதுக்குடி எடுக்குறே' என்று திட்டினாலும், நீ குளிக்கப் போனபோது அந்தப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் பார்சல்கள் வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு லென்ஸ். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் விடியற்காலைக் கூட்டத்தை எடுக்கப் போவதாகச் சொன்னாய், இருக்கிற லென்ஸ் இருட்டில் சரியாக வராது என்றாய். லென்ஸ் வந்தது. ஏகாதசியும் வந்து போனது. அன்று நீ போர்வைக்குள் படுத்துக்கொண்டு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் இரண்டு லென்ஸ்களை ஒப்பிட்டுப் பேசுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையை எடுக்கணும், அதற்கு ஸ்டாண்ட் வேண்டும் என்றாய். ஸ்டாண்ட் வந்தது, ஆடியும் போனது. பிறகு இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போக ஒரு பை. பைக்கு மழை உறை. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஈரம் புகாத ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் குட்டிக் குட்டிப் பொட்டலங்களாக ஏதோ மருந்து. நான் துணி மடித்து வைக்க உன் அலமாரியைத் திறந்தால் அது நகைக்கடை மாதிரி இருக்கும். எல்லாம் பளபளவென்று, எல்லாம் கண்ணாடி போல, எதிலும் ஒரு தூசி இல்லை. அந்தத் தூசி இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. புழங்குகிற பொருள் அப்படி இருக்காது.

உன் அப்பாவிடம் சொன்னேன். "சம்பாதிக்கிறா, வாங்குறா. உனக்கென்ன?" என்றார். "வாங்குறது சரிங்க. எடுத்தாளா?" என்றேன். "அதையும் நீயே கேளு" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னென்ன நினைத்தேன் என்று இப்போது சொன்னால் நீ சிரிப்பாய். யாரோ ஒருவன் உனக்கு இதையெல்லாம் வாங்கி அனுப்புகிறான் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கிற அனுப்புநர் பெயரை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்கிறேன். இல்லை, ஊரை விட்டுப் போகத் திட்டம் போடுகிறாய், அதற்குச் சாமான் சேர்க்கிறாய் என்று நினைத்தேன். ஒரு பெண் அலமாரியில் ரகசியமாகச் சாமான் சேர்த்தால் வேறு என்ன அர்த்தம் என்று என் மூளை கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் நீ பால்கனியில் நின்று போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, துணி காயப்போட வந்தேன். சரி, கொஞ்சம் மெதுவாகக் காயப்போட்டேன். "ஞாயித்துக்கிழமை காலைல அம்மா மண்டபத்துகிட்ட வந்துடுங்க. பொருளைக் கொண்டு வந்துடறேன். வீட்டுக்கு வேணாம், அம்மா இருப்பாங்க" என்று சொன்னாய். பொருள் என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? அன்றிலிருந்து ஞாயிறு வரைக்கும் சோறு இறங்கவில்லை. டிவியில் போலீஸ் யாரையாவது பிடித்துக் காட்டினால் அந்த முகத்தில் உன்னைத் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ எழுவதற்கு முன்பே, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருவதாக உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ். அம்மா மண்டபத்தில் இறங்கி, காவிரிப் படித்துறையில் தூணோரமாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் திதி கொடுக்க வந்த குடும்பம் ஒன்று எள்ளையும் வாழைக்காயையும் பரப்பி வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வானம் வெளுத்தது. பாப்பா, இதை உன்னிடம் நான் இதுவரை சொல்லவில்லை. உன்னைப் பிடிக்க வந்த நான், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காவிரியில் விடிவதைப் பார்த்தேன். இத்தனை காலம் இந்த ஊரில் இருந்தும் அந்த நேரத்தில் அந்த இடத்துக்குத் தனியாக நான் வந்ததே இல்லை. வந்ததெல்லாம் கூட்டத்தோடு, காரியத்தோடு, யாராவது கூட்டிக்கொண்டு வந்து. தண்ணீர் முதலில் கறுப்பாக இருந்தது, பிறகு சாம்பல், பிறகு தாமிரச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு நிறம். கொஞ்ச நேரம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

அப்போதுதான் நீ ஸ்கூட்டரை நிறுத்தினாய். ஹெல்மெட் போட்ட ஒருவன் உன்னிடம் வந்தான். நீ பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய எதையோ எடுத்துக் கொடுத்தாய். அவன் பிரித்து, வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தான். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. படியேறி வந்து, "யாருப்பா நீ?" என்றேன். நீ பேயைப் பார்த்த மாதிரி நின்றாய். அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மரியாதையாகச் சொன்னான்.

"லென்ஸ் வாங்க வந்தேங்க ஆன்ட்டி. கல்யாண போட்டோ எடுக்குறவன். அக்கா விக்கிறாங்கன்னு குரூப்ல பார்த்தேன்."

"விக்கிறாளா? வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையே!"

"அதாங்க ஆச்சரியம். ஒரு கீறல் இல்லை, தூசி இல்லை. அக்கா இதை ஒரு தடவைகூட வெளிய எடுத்திருக்க மாட்டாங்க போல. புத்தம் புதுசுங்க ஆன்ட்டி!"

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நான் பிடித்ததற்காக நீ அவ்வளவு வெட்கப்படவில்லை. அந்தப் பாராட்டுக்குத்தான் வெட்கப்பட்டாய். அவன் ஏதோ முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனான். நாம் இருவரும் படியில் உட்கார்ந்தோம். எதற்காக விற்றாய் என்று கேட்டேன். இன்னொன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். "அதை வெச்சு எப்ப எடுப்பே?" என்றேன். அதற்கு நீ சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"நான் எப்பம்மா போறது? காலைல கிளம்பினா எங்க போறே, யார் கூட, அங்க யாரு இருப்பா, இந்த நேரத்துல என்ன படம், தனியாவா, ஏன் இந்த டிரெஸ், எப்ப வருவே. நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள வெளிச்சம் போயிடும்மா. பார்சல் வந்தா நீ ஒண்ணும் சொல்றதில்லை. கதவு வரைக்கும் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிடறாங்க. நான் வெளிய போனாத்தான் உனக்குப் பிரச்சினை."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் சுபாவம் உனக்குத் தெரியும். சுருக்கென்ற உடனே, 'இது முழுக்க உண்மையா, இல்லை என் தலையில் கட்டுகிறாளா' என்றும் ஒரு சந்தேகம் எழுந்தது. அதனால் சொன்னேன்: "சரி. இப்ப நான் ஒரு கேள்வியும் கேக்கலை. கேமரா இருக்கு, ஆறு இருக்கு, வெளிச்சமும் இருக்கு. எடு." நீ பையைத் திறந்தாய், கேமராவை எடுத்தாய். ஏதேதோ திருகினாய். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மாளைப் பார்த்துத் தூக்கினாய், இறக்கினாய். தண்ணீரைப் பார்த்துத் தூக்கினாய், இறக்கினாய். கடைசியில், "இந்த லென்ஸ் இதுக்குச் சரியா வராதும்மா" என்றாய்.

எனக்கு அங்கேயே பரீட்சை ஹால் நினைவுக்கு வந்துவிட்டது. பிட் அடிக்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இன்னொரு வகைப் பிள்ளைகள் உண்டு. கேள்வித்தாளைக் கொடுத்ததும் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார்கள். சீவிக்கொண்டே இருப்பார்கள். அடிக்கோடு போட ஸ்கேல் கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், கூடுதல் தாள் கேட்பார்கள், முதல் தாளில் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். படிக்காத பிள்ளைகள் இல்லை அவர்கள். தப்பாக எழுதிவிடுவோமோ என்று பயப்படுகிற பிள்ளைகள். நீ அந்த வகை. என் கேள்விகள் உன்னை வீட்டிலேயே நிறுத்தின, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தப்பட்டதில் உனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. எடுக்காத படத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அம்மா விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், லென்ஸ் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று படியில் உட்கார்ந்து இதை நான் உன்னிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "பயப்படுறே நீ" என்று மட்டும் சொன்னேன். நீ அழுதாய். அழுதுகொண்டே அந்தப் புடவை பிழிகிற அம்மாளிடம் போய் ஏதோ கேட்டாய். அவர் கையை வீசி மறுத்துவிட்டார். நீ திரும்பி வந்து, "கேட்டேன், வேணாம்ட்டாங்க" என்றாய். அப்போது உன் குரலில் அழுகை இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் எனக்குத்தான் சோதனை. நீ கிளம்பும்போது நான் சமையல்கட்டில் இல்லாத வேலையைச் செய்வேன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும், ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை மிளகு?" என்று கிண்டல் செய்வார். நீ காந்தி மார்க்கெட்டுக்குப் போனாய், கொள்ளிடத்துக்குப் போனாய், மலைக்கோட்டைக்குப் பின்பக்கத் தெருக்களுக்குப் போனாய். கொண்டு வந்த படங்களில் பாதிக்கு மேல் குப்பை. நீயேதான் சொன்னாய். ஒன்றில் கரண்டுக் கம்பி குறுக்கே வந்தது, ஒன்றில் ஆள் தலை பாதி இல்லை, ஒன்று முழுக்க ஆடிப்போயிருந்தது. ஆனால் பார்சல் நின்றுவிட்டது. பையில் மண் ஒட்டியிருந்தது. அலமாரியைத் திறந்தால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு இல்லை. எனக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. கொள்ளிட மணலில் எருமைகள் தண்ணீருக்குள் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று வந்ததே, அதை உன் அப்பா போனில் வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டினார்.

பிறகு பிரபுவின் ஜாதகம் வந்தது. மன்னார்புரத்தில் நல்ல குடும்பம், பெங்களூரில் வேலை, அதிர்ந்து பேசாத பையன். நீயும் அவரோடு பேசிப் பார்த்துச் சரியென்றாய். நானும் விசாரித்தேன். எப்படி விசாரித்திருப்பேன் என்று உனக்கே தெரியும், ஒரு குறை கிடைக்கவில்லை. குறையே கிடைக்காததால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகக்கூட இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி முடிந்ததும் அவர் ஒரு பெரிய பெட்டியை உன்னிடம் கொடுத்தார். பிரித்தால் புதுக் கேமரா. நீ எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்து ஏங்கிய அதே கேமரா. பந்தலே கைதட்டியது. உன் சித்தி என் தோளை இடித்து, "கொடுத்து வெச்சவடி உன் பொண்ணு" என்றாள். பிரபு மைக்கில் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இனிமே எங்க வேணா சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். எனக்கு மட்டும் அந்த 'கூட்டிட்டுப் போறேன்' காதிலேயே நின்றது. 'போயிட்டு வா' என்பதும் 'கூட்டிட்டுப் போறேன்' என்பதும் ஒன்றா? அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு லீவு கிடைக்கிற ஞாயிறு எது? அவருக்குத் தூக்கம் வராத விடியற்காலை எது? அதுவரைக்கும் அந்தக் கேமரா எங்கே இருக்கும்? அலமாரியில், ஈரம் புகாத பெட்டியில், பளபளவென்று. அன்று இலையில் விழுந்த பாயசம் எனக்கு இனிக்கவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். "நல்லது கொடுத்தாலும் தப்பா?" என்றார். சந்தேகத்துக்கு ஆதாரம் எப்போதும் பின்னால்தான் வரும்.

அந்த ஆதாரம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ பழைய கேமராவை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டாய். புதியது நிச்சயதார்த்தப் பெட்டியிலேயே இருந்தது. கல்யாணப் பத்திரிகை விஷயமாக ஊருக்கு வந்திருந்த பிரபு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ளை, உக்காருங்க" என்று காபி கலந்து கொண்டுவந்து வைத்தேன்.

"அவ இல்லைங்களா அத்தை?"

"வெளிய போயிருக்கா."

"இவ்வளவு காலைலயா? எங்க போயிருக்கா?"

"படம் எடுக்கப் போயிருக்கா."

"யார் கூட அத்தை?"

"தனியாத்தான்."

"தனியாவா? எந்தப் பக்கம்? எப்ப வருவா?"

பாப்பா, என் குரலை ஆண் குரலில் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதே வரிசை, அதே அவசரம், ஒரு கேள்விக்குப் பதில் முடிவதற்குள் அடுத்தது. நீ கொள்ளிடத்துக்குப் போயிருப்பது எனக்குத் தெரியும், முந்தின நாள் நீயாகவே சொல்லியிருந்தாய். ஆனால் நான், "தெரியலை மாப்ளை. வருவா" என்றேன். உன்னைப் பற்றிய ஒரு கேள்விக்கு 'தெரியலை' என்று நான் பதில் சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அவர் உனக்குப் போன் செய்தார், நீ எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிறதோ, மணலில் எங்காவது குழியோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அவர் முன்னால் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பிடிவாதம். அவர் என் முகத்தைப் பார்ப்பதும் நான் அவர் முகத்தைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தோம். இருவருமே ஒருவரையொருவர் நம்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "நான் சந்தேகப்பட்டுக் கேக்கலை அத்தை. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

"நானும் அப்படித்தான் மாப்ளை சொல்லிட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அதற்குள் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நீ உள்ளே வந்தாய். காலெல்லாம் மணல், சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது, தலைமுடி பறந்துகொண்டிருந்தது. முகத்தில் ஏதோ கிடைத்த சந்தோஷம். அவரைப் பார்த்தாய். அந்தக் கணத்தில் நீ செய்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கேமராப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாய். "எங்க போயிருந்தே?" என்று அவர் கேட்டதும், "சும்மா, இங்க பக்கத்துலதான்" என்றாய்.

கே.கே. நகருக்குக் கொள்ளிடம் எப்போதிலிருந்து பக்கம்? அந்தப் பொய்யை நான் நன்றாக அறிவேன். எனக்காகவே நீ தயாரித்த பொய் அது. அந்தப் பை தள்ளுகிற கையும் எனக்குத் தெரிந்த கைதான். இனி அது பெங்களூருக்குப் போகப் போகிறது, அந்த வீட்டுக் கதவில் நின்று அதே வார்த்தையைச் சொல்லப் போகிறது என்று தோன்றியபோது, எனக்கு வாய் தாங்கவில்லை. மிளகும் கையில் இல்லை. "கொள்ளிடத்துக்குப் போயிருந்தா மாப்ளை" என்றேன். "வாராவாரம் எங்கயாவது போவா. கல்யாணத்துக்கு அப்புறமும் போவா."

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் அத்தை தெரியலைன்னீங்க?" என்றார். நியாயமான கேள்வி. நல்லவேளை, உன் அப்பா ஈரத் தலையோடு வந்து, "வாங்க மாப்ளை, எப்ப வந்தீங்க?" என்று நடுவில் புகுந்தார். ஆனால் பிரபு விடவில்லை. கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் உன்னிடம், "என்ன எடுத்தே, காட்டு" என்றார். நீ தயங்கித் தயங்கிக் கேமராவைக் கொடுத்தாய். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

"இந்த அம்மா ஏன் இப்படி முறைக்கிறாங்க?"

"எடுக்கலாமான்னு கேட்டேன். எடுத்துக்க, ஆனா சிரிக்க மாட்டேன்னுட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். கிளம்பும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவை போறப்போ என்னையும் கூப்பிடு, வரட்டுமா?" என்று உன்னிடம் கேட்டார். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை, என்னையும் கூப்பிடு என்றார். நான் அதைக் கவனித்தேன். நல்லது என்று ஒரு மனம் சொல்கிறது. ஒரு வார்த்தையை வைத்து ஒருவரை எடை போட முடியுமா என்று இன்னொரு மனம் கேட்கிறது. என் இரண்டாவது மனத்தை நீ நம்ப வேண்டாம். ஆனால் அதைக் கேட்டும் வைத்துக்கொள். அவர் கூட வந்தால் வரட்டும். வராத ஞாயிறுகளில் நீ என்ன செய்கிறாய் என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

உனக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் புதுக் கேமராவை முதல் வாரமே மண்ணில் இறக்கிவிடு. ஒரு கீறல் விழட்டும். பிரபு வருத்தப்பட்டால், புழங்கத்தானே கொடுத்தீங்க என்று கேள். அடுத்த லென்ஸ் மீது ஆசை வரும், வராமல் இருக்காது. வரும்போது இருக்கிறதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்து, அப்புறம் முடிவு செய். படம் மோசமாக வரும். வரட்டும். புது ஊரில் யாராவது கையை வீசி மறுப்பார்கள், அதற்கும் நீ பழகியாகிவிட்டது. முக்கியமாக, 'பக்கத்துலதான்' என்ற அந்தப் பொய்யை இந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. எங்கே போகிறாய் என்று சொல்லத் தோன்றினால் சொல். தோன்றவில்லை என்றால் 'வந்து சொல்றேன்' என்று சொல். இரண்டும் உண்மை. பையை மட்டும் யார் முன்னாலும் முதுகுக்குப் பின்னால் தள்ளாதே, என் முன்னால்கூட.

கேட்டில் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது, சித்தி பின்னால் உட்கார்ந்து ஏதோ கத்திக்கொண்டு வருகிறாள். ரவிக்கை அளவு தவறிப் போயிருக்கும், நான் அப்போதே நினைத்தேன். அதனால் ஒன்றை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன். பெங்களூரில் நீ விடியற்காலையில் தனியாக வெளியே போகிற முதல் ஞாயிறு எனக்கு இங்கே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதே, தெரிந்துவிடும். நான் உனக்குப் போன் செய்வேன். செய்யக் கூடாது என்று நினைப்பேன், உன் அப்பா தடுப்பார், ஆனாலும் செய்வேன், திரும்பத் திரும்பச் செய்வேன். வெளிச்சம் நன்றாக இருந்தால், நீ போனை எடுக்காதே.

அம்மா